யாருடைய மரக்கால்?

எங்கள் நீடாமங்கலத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, கடல்தான் இல்லை. மூணாறு தலைப்பில் வந்து நிற்கும் வெண்ணாறு, கோரையாறு என்றும் பாமணியாறு என்றும் இரண்டு பெண்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தன் பாட்டுக்குக் கிழக்கே நடக்கிறது. கதவைத் தூக்கினால் தண்ணீர், இறக்கினால் மணல். எங்களுக்குத் தெரிந்த ஜல சாஸ்திரம் அவ்வளவுதான். ஆகவே, என் தங்கையின் பேரன் சென்னையிலிருந்து வந்து, “தாத்தா, ஒரு படகு வாங்கணும். நீங்கதான் ஒத்தாசை பண்ணணும்” என்று நின்றபோது, எனக்குச் சிரிப்பு வந்தது.

“எந்த ஆத்துக்குடா?” என்றேன்.

“கடலுக்குத் தாத்தா. ஒருத்தன் மட்டும் ஓட்டற பந்தயப் படகு. புதுசு வாங்க முடியாது. ரெண்டு பேர்கிட்ட பழசு இருக்கு. அதுல எதை வாங்கறதுன்னுதான் தெரியலே.”

பிறகு அவன் கேட்ட கேள்விதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. “இங்கே எடை பார்க்க எங்கே போகணும்?”

கடைத்தெருவை ஒட்டி இருக்கும் அரிசி மில்லுக்கு அழைத்துக்கொண்டு போனேன். நெல் மூட்டை நிறுக்கும் எடைமேடையில் பையன் ஏறி நின்றான். அறுபத்து மூன்று. முகம் மலர்ந்தது. நிறுக்கிற ஆள் பழைய பேர்வழி. நெல்லை நனைத்துக்கொண்டு வருகிற எத்தனையோ பேரைப் பார்த்தவர். பையனின் வயிற்றை ஒரு தரம் பார்த்துவிட்டு, “தம்பி, ஈரப்பதம் ஜாஸ்தியா இருக்கும் போலிருக்கே?” என்றார். பையன் அசடு வழியச் சிரித்தான். புறப்படும்போது இரண்டு சொம்பு தண்ணீர் குடித்திருக்கிறான்! மறுநாள் வெறும் வயிற்றில் நிறுத்தபோது அறுபத்தொன்று.

பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள இரண்டு சொம்பு தண்ணீர் குடிப்பானேன்? விசாரித்ததில், விஷயம் அப்படியொன்றும் சிறியதல்ல என்று தெரிந்தது.

அவன் வாங்க விரும்பிய படகுக்கு லேசர் என்று பெயர். கனடாக்காரரான புரூஸ் கிர்பி வரைந்து, 1971ல் விற்பனைக்கு வந்த படகு. 2019ல் பெயர் உரிமை பற்றி ஏற்பட்ட தகராறுக்குப் பிறகு, போட்டிகளில் ‘இல்கா’ என்று அழைக்கிறார்கள். உலகம் முழுவதும் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே அச்சு. பதினாலு அடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், ஒரு பாய், ஒரு சுக்கான், நடுவில் செருகி எடுக்கும் ஒரு பலகை, ஒரு மனிதன். படகின் உடல் சுமார் 59 கிலோ. ஓட்டுகிறவனும் ஏறக்குறைய அவ்வளவு. எருமை மாட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறுவனின் கதை அல்ல இது. சவாரி செய்கிறவனும் வாகனமும் சம எடை. அதனால்தான் ஓட்டுகிறவனின் எடை இத்தனை பெரிய விஷயமாகிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஐப்பசி வெள்ளத்தில் வாழைமரத் தெப்பம் கட்டிய எந்தப் பையனுக்கும் தெரியும். எனக்கு மூன்று மரம் போதும். எங்கள் தெருவில் ஒரு குண்டுப் பையனுக்கு ஐந்து வேண்டும். அவன் மூன்றில் ஏறினால் தெப்பம் முழங்கால் ஆழம் முங்கும். நான் ஐந்தில் ஏறினால் தெப்பம் என் சொல் கேட்காது. ஆறு இழுத்த பக்கம் போகும்.

பாய்மரப் படகில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. காற்று பாயைத் தள்ளுகிறது. படகு ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த படகு ஓடாது. அதை நிமிர்த்த ஓட்டுகிறவன் எதிர்ப் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தை உள்ளே ஒரு பட்டையில் மாட்டிக்கொண்டு, உடம்பைத் தண்ணீருக்கு மேல் மல்லாத்திப் பிடிக்கிறான். பாயில் விழுகிற காற்றுக்கு அவன் உடம்புதான் எதிர்த்தட்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மனிதனின் எடையோ அதே அறுபத்தொரு கிலோ. தராசு தூக்கியடித்துவிடுகிறது.

இலங்கையில் ‘ஒருவா’ என்று ஒரு வகை மீன்பிடித் தோணி உண்டு. பக்கவாட்டில் ஒரு மிதவைக் கட்டையைக் கம்புகளால் இணைத்திருக்கும். காற்று பலமானால் ஒருவன் அந்தக் கம்பின் மேல் நடந்துபோய் உட்காருவான். இன்னும் பலமானால் இன்னொருவன். அதனால் காற்றையே ‘ஓர் ஆள் காற்று’, ‘இரண்டு ஆள் காற்று’ என்று எண்ணுவார்களென்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன அழகான கணக்கு! ஆனால் தனி ஆள் படகில் இந்தச் சௌகரியம் கிடையாது. இரண்டு ஆள் காற்று அடித்தாலும் இருப்பது ஓர் ஆள்தான். கூப்பிட்டால் வர வேறு ஒருவரும் இல்லை.

இதற்காகத்தான் அந்தப் படகுக்கு மூன்று அளவில் பாய் வைத்திருக்கிறார்கள். பெரியது 7.06 சதுர மீட்டர். நடுவானது 5.76. சிறியது 4.7. ‘இல்கா 7’, ‘இல்கா 6’, ‘இல்கா 4’ என்று பெயரே அதை ஒட்டித்தான். பெரிய பாய்க்கு எண்பது கிலோவை ஒட்டிய ஆள் வேண்டும். நடுப் பாய்க்கு ஐம்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள் இருந்தால் நல்லது. சிறியது வளரும் பிள்ளைகளுக்கு. அறுபத்தொரு கிலோ பையனுக்கு எது பொருத்தம் என்று எங்கள் மில்காரரே சொல்லிவிடுவார்.

ஆனால் பையன் சொல்ல மறுத்தான். “ஆறு நம்பர் பொம்பளைங்க பாய், தாத்தா. ஒலிம்பிக்கிலே ஆம்பளைங்களுக்கு ஏழுதான்” என்றான். கூட ஓட்டும் சிநேகிதர்கள் கேலி செய்கிறார்களாம். அதனால் மூன்று மாதமாக ஒரு தவம். தினம் ஆறு வாழைப்பழம், நான்கு முட்டை, இரண்டு வேளை பால், ராத்திரி எழுந்து ஒரு தட்டு சோறு. அவன் பாட்டி, அதாவது என் தங்கை, பையனுக்கு ஏதோ வியாதி என்று வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு விட்டாள். ஏறியது இரண்டு கிலோ. அதுவும் பரீட்சை வந்ததும் இறங்கிவிட்டது.

இந்தப் பைத்தியம் அவனோடு பிறந்ததல்ல. டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வாங்கியவர். தனி ஆள் படகோட்டிகளில் அவருக்கு ஈடு சொல்வது கஷ்டம். அவர் வீட்டிலேயே ஒரு பலகையை அமைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் மல்லாந்து தொங்கிப் பழகினார். இருக்கிற எடையை முழுவதும் பயன்படுத்தப் பழகிய மனிதர் அவர். ஆனால் அந்தக் காலத்து ‘ஃபின்’ படகுக்காரர்கள் பலர் வேறு வழியும் கண்டுபிடித்தார்கள். கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அவற்றைக் கடல்நீரில் நனைத்துக்கொள்வது! எங்கள் ஊர் நனைந்த நெல்லேதான். முதுகும் இடுப்பும் கெட்டுப்போன பிறகு விதி குறுக்கே வந்தது. இன்று பொதுவாக, உடுப்பும் சாமான்களும் சேர்ந்து எட்டுக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இருக்கிறது.

“பொம்பளைங்க பாய்” என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சென்னைப் பெண் நேத்ரா குமணன் அதே நடுப் பாயில் 2020ல் மயாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டினார். படகு ஓட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். “அந்தப் பொண்ணை உன்னால ஜெயிக்க முடியுமா?” என்று கேட்டேன். “எங்கே தாத்தா!” என்றான். “அப்போ பாய்லே என்னடா ஆண் பெண்?” என்றேன். பேசாமல் இருந்தான். விஷ்ணு சரவணன் பெரிய பாயில் 2023ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியதையும் அவனே சொன்னான். அவர் உடம்புக்கு அது. இவர் உடம்புக்கு இது. காற்றுக்கு இதில் பாரபட்சம் ஒன்றும் இல்லை.

இனி அந்த இரண்டு பழைய படகுகளின் கதை.

ஒன்று பார்க்கப் பளபளவென்று இருந்ததாம். ஏழாம் நம்பர் பாய் மட்டும் உண்டு. விற்கிறவர், “எடை பத்தி யோசிக்காதே, தன்னால ஏறிடும்” என்று தைரியம் சொன்னாராம். இன்னொன்று பத்து வருஷம் மூத்தது. நிறம் மங்கி, விளிம்பெல்லாம் கீறல். ஆனால் அதன் சொந்தக்காரர் ஆறு, ஏழு இரண்டுக்கும் பாயும் அடிமரமும் வைத்திருந்தார். இந்தப் படகில் ஒரு விசேஷம். உடல், சுக்கான், நடுப்பலகை, பாய்மரத்தின் மேல் பாதி, பாயின் அடியில் வரும் குழாய் எல்லாம் மூன்று வகைக்கும் பொது. பாய்மரத்தின் கீழ்ப் பாதியையும் பாயையும் மாற்றினால் போதும். ஏழு ஆறாகிவிடும், ஆறு நான்காகிவிடும்.

பழைய சாமான் வாங்குவது ஒரு சாஸ்திரம். எங்கள் பக்கத்தில் மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இந்தப் படகுக்கும் பல் உண்டு. பாய்மரம் செருகும் குழியில் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் குழியின் அடி விண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். அவல் மாதிரி அமுங்கினால் உள்ளே பஞ்சுப்பொருள் பிரிந்துவிட்டது. பாய்மரத்தின் மேல் பாதியைச் சமதரையில் உருட்ட வேண்டும், வளைந்திருந்தால் குதிக்கும். பாயைக் கையில் கசக்கினால் புதிய நோட்டுப்போல் மொடமொடக்க வேண்டும். துவைத்த வேட்டிபோல் குழைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், படகை நிறுத்துப் பார்ப்பது. வருஷக்கணக்காக உள்ளே கசிந்த நீரைக் குடித்துக் குடித்துச் சில படகுகள் ஐந்தாறு கிலோ கனத்துப்போயிருக்கும். அந்தக் கனம் ஓட்டுகிறவனுக்கு ஒத்தாசை செய்யாத கனம். மல்லாந்து தொங்கப் பயன்படாது. இழுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும்.

பழசு என்றால் மட்டமென்று யாரும் நினைக்கக்கூடாது. ஆடுதுறைப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் புது மரத்தைத் தொடமாட்டார்கள். இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைவார்கள். பல காலம் வெயிலும் மழையும் தாங்கி, ஈரமெல்லாம் வற்றிய மரத்தில்தான் நாதம் நிற்கும். அந்த வாத்தியத்திலும் அளவு உண்டு. குட்டையானது திமிரி, நீளமானது பாரி. டி. என். ராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கையில் எடுத்த பிறகு ஊரெல்லாம் அதன் பின்னால் போயிற்று. ஆனால் மூச்சும் விரலும் ஒத்துக்கொண்டால்தான் அது வாத்தியம். இல்லாவிட்டால் அலங்காரமான கட்டைதான்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு பிரசங்கம் செய்தேன். வயதானவர்களுக்கு உள்ள வியாதி. “பாரு, எல்லாத்துக்கும் ஒரு அளவு உண்டு. வள்ளுவர் வலியறிதல்னு ஓர் அதிகாரமே வெச்சிருக்கார். அளவறிஞ்சு நின்னாத்தாண்டா மரியாதை” என்றேன்.

சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. விழுந்ததும் திடுக்கிட்டேன். அந்தக் குரல் என்னுடையதல்ல; என் தகப்பனாருடையது.

1961 என்று ஞாபகம். எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். வாசலில், திண்ணைக்கு நாலு முழம் தள்ளி, எங்கள் பண்ணையில் வேலை செய்தவர் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் அவர் பிள்ளை. என் வயது அவனுக்கு. இருவரும் ஒரே ஆரம்பப் பள்ளியில் படித்தோம். எனக்கு நீண்ட வகுத்தல் கணக்கு வராது. மாடு மேய்க்கும் களத்துமேட்டில் உட்கார்ந்து, மண்ணில் குச்சியால் எழுதி, அவன்தான் சொல்லிக்கொடுத்தான். நான் மன்னார்குடிக்குப் படிக்கப் போகப்போகிறேன். 1976ல் நிறுத்தப்பட்டு 2011ல் மறுபடி ஓடத் தொடங்கிய அந்தக் கிளை ரயிலில் எனக்குப் பாஸ்கூட எடுத்தாகிவிட்டது. அந்த மனிதர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பையனை மாடு மேய்ப்பதிலிருந்து விட்டுவிட்டால், அவனும் என்னோடு போய் வருவான். அவ்வளவுதான்.

அப்பா கொடுமைக்காரர் அல்ல. கோபிக்கக்கூட இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “எல்லாத்துக்கும் ஒரு அளவு உண்டு. அளவறிஞ்சு நின்னாத்தான் மரியாதை.”

அவர்கள் போய்விட்டார்கள். பண்ணையாட்களைக் காப்பதற்காகத் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே 1952ல் சட்டம் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சட்டம் வந்த பிறகும் திண்ணைக்கும் வாசலுக்கும் இடையே அந்த நாலு முழம் அப்படியே இருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “அவன் என்னைவிடக் கணக்கு நல்லாப் போடுவான் அப்பா” என்று ஒரு வாக்கியம் என் வாயில் இருந்தது. சொல்லவில்லை. சிறுபிள்ளை, பயம் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பயம் மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். ரயிலில் நான் மட்டும் போகப்போகிறேன் என்பதில் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

அவன் கடைசிவரை இந்த ஊரில்தான் இருந்தான். களத்தில் குவித்த நெல்லைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை கலம் என்று சொல்வான், பிசகாது. சில வருஷங்களுக்கு முன்பு போய்ச் சேர்ந்துவிட்டான். நான் இத்தனை நாவல் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட அவன் வரவில்லை.

அன்று சாயங்காலமே இன்னொன்று நடந்தது. படகை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன் அல்லவா? முன்பக்கத்தை ஒரு தரமும் பின்பக்கத்தை ஒரு தரமும் தூக்கி நிறுத்துக் கூட்டிக்கொண்டால் போதும். அதற்கு எங்கள் வீட்டுப் பழைய கொக்கித் தராசு உதவும் என்று பையனைப் பரணில் ஏற்றினேன். மேலேயிருந்து குரல் வந்தது.

“தாத்தா, இங்கே மரத்துலே ரெண்டு உருளை இருக்கு. பித்தளைப் பூண் போட்டிருக்கு. இது என்னது?”

“மரக்கால். நெல் அளக்கறது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.”

இரண்டையும் கீழே கொண்டுவந்து வைத்தான். தூசியைத் தட்டினான். ஒன்றினுள் ஒன்றைப் பார்த்தான். படகின் எடையை ஐந்து கிலோ வித்தியாசத்துக்குச் சோதிக்கத் தெரிந்த பையன். “தாத்தா, இது கொஞ்சம் சின்னதா இருக்கே. அடிப்பலகை தடியா இருக்கு. ஒரே அளவுக்கு எதுக்கு ரெண்டு?” என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும். தஞ்சை ஜில்லாவில் வயது முதிர்ந்த யாருக்கும் தெரியும். குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால். கூலி நெல் கொடுக்க ஒரு மரக்கால். 1943க்குப் பிறகு பி. சீனிவாச ராவ் இந்தப் பக்கத்து வயல்களில் நடந்து விவசாயிகளை ஒன்று சேர்த்தபோது, கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. முத்திரை போட்ட மரக்கால் வேண்டும் என்றார்கள். பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. அளவு பொய் சொல்லாமல் இருந்தால் போதும் என்று கேட்டார்கள். அதற்கே போராட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு மரக்கால் இரண்டிலும் முத்திரை இல்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. தன் அளவை அறிந்து நடப்பது விவேகம் என்று நம் பெரியவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அதே வார்த்தையைச் சொல்லித்தான் எத்தனையோ தலைமுறையை வாசலில் நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த வார்த்தை மெய்யா, பொய்யா? அறுபத்தொரு கிலோ பையனிடம் “உனக்கு ஆறாம் நம்பர்தான்” என்று சொல்லும் நான், “உன் பிள்ளைக்கு மாடுதான்” என்று சொன்ன அப்பாவிலிருந்து எந்த விதத்தில் வேறுபட்டவன்?

அளவே வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். இக்காலத்தில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நினைத்தால் எதுவும் முடியும், முயன்றால் எவரும் ஆகலாம் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறார்கள். கேட்க இனிப்பாயிருக்கிறது. ஆனால் கடலில் பெரிய காற்று வரும்போது இந்தப் போதனை கூட வருவதில்லை. பெரிய பாயைத் தூக்கிய இலேசான பையன் என்ன செய்கிறான்? கயிற்றைத் தளர்த்தி, பாயிலிருந்து காற்றைக் கொட்டிக்கொண்டே போகிறான். ஏழு மீட்டர் பாயைக் கட்டிக்கொண்டு ஐந்து மீட்டருக்கு உண்டான காற்றைத்தான் பிடிக்கிறான். மிச்சத்தோடு மல்லுக்கட்டி, களைத்து, கவிழ்கிறான். ‘என்னால் முடியாது’ என்று ஒரு நாள் கரையேறிவிடுகிறான். அவனால் முடியாதது அந்தப் பாய்தான், படகு அல்ல. ஆனால் அந்த வித்தியாசத்தை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆக, அளவு வேண்டும். ஆனால் அளவு என்று வந்து நிற்கும் எதையும் ஒப்புக்கொள்ளுமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரக்கால் யார் கையில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. மில் எடைமேடைக்கு என் பேரன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. காற்றுக்கும் தெரியாது. ஆனால் அப்பாவுக்கு அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும்தான் தெரியும். அவன் கணக்கு தெரியாது. நிறுக்காமலே எடை சொன்னார். மேலும், அந்த எடையால் அவருக்கு ஒரு லாபம் இருந்தது. மாடு மேய்க்க ஆள் கிடைத்தது. அளக்கிறவனுக்கு அளவில் லாபம் இருந்தால், அந்த மரக்காலைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் அதே மரக்கால்தானா என்பது இரண்டாவது. எனக்கு வகுத்தல் வராது என்பதை அன்று ஒருவரும் நிறுக்கவில்லை. என்னை நிறுத்த மரக்கால் பெரியது; அவனை நிறுத்தது சிறியது. ஒரே அச்சுப் படகுகளின் பந்தயத்தில் உள்ள பெரிய நியாயமே, பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் அதே உடல், அதே பாய் என்பதுதான்.

மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது: பாயை மாற்ற முடியுமா? இன்று அறுபத்தொன்று. நாளை எழுபத்தைந்து ஆனால், கீழ் மரத்தைக் கழற்றி வேறு செருகிக்கொள்ளலாம். அதே படகு அவனை ஏற்றுக்கொள்ளும். உண்மையான அளவு இன்றைய தேதி போட்ட அளவு. நாளைக்கு மறுபடி நிறுக்க அது தயாராக இருக்கும். ‘இது உன் அளவு, உன் அப்பன் அளவு, உன் பிள்ளை அளவும் இதுதான்’ என்று சொல்லுகிற எதுவும் அளவே அல்ல. அது பூட்டு.

இதற்கும் ஓர் ஆட்சேபம் உண்டு. உடம்பும் தலையெழுத்துத்தானே? ஒல்லியாகப் பிறந்தவன் ஒரு நாளும் பெரிய பாயில் ஜெயிக்க முடியாமல் போகலாமே? போகலாம். அதை நான் மறைக்கப்போவதில்லை. உலகத்தில் எல்லாக் குறையும் மனிதன் செய்தது அல்ல. காற்று செய்வதும் உண்டு. ஆனால் காற்று செய்யும் குறையோடு ஒருவன் சமாதானமாக வாழ முடியும். அதில் அவமானம் கிடையாது. சக மனிதன் மரக்காலின் அடியில் ஒரு பலகை வைத்துத் தைத்ததைக் காற்றின்மேல் பழி போடும்போதுதான் விவேகம் என்ற சொல் அழுகிப்போகிறது.

காலையில் பையனிடம் நான் சொன்னது இவ்வளவும் அல்ல. “நேத்து ஒண்ணு சொன்னேனே, மரியாதை கிரியாதைன்னு, அதை மறந்துடு” என்றேன். “ரெண்டு படகையும் நிறுத்துப் பாரு. குழியிலே தண்ணி ஊத்திப் பாரு. அப்புறம் நீயே தீர்மானம் பண்ணு. பணம் நான் தரேன். எந்தப் பாய்னு நான் சொல்லமாட்டேன்.”

தராசை எடுத்துக்கொண்டு போனான். பளபளப்பான படகு 66 கிலோ இருந்ததாம். குழியில் ஊற்றிய தண்ணீர் பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டதாம். விற்கிறவர் “அது ஒண்ணும் பண்ணாது” என்றாராம். கீறல் விழுந்த படகு 60. அதன் சொந்தக்காரர் இவன் கேட்பதற்கு முன்பே, “சுக்கான்லே ஒரு ஓரம் சில்லு பேர்ந்திருக்கு, ஏழாம் நம்பர் பாய் பழசு, ஆறாம் நம்பர் ரெண்டு வருஷம் ஓடும்” என்று ஒவ்வொன்றாகக் காட்டினாராம். படகைவிட அந்த மனிதரை வாங்கியதாகத்தான் எனக்குத் தோன்றியது.

சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் ஒரு படகுச் சங்கம் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் இவனும் பழகுகிறான். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

“தாத்தா, இன்னிக்கு மத்தியானம் தென்கிழக்குக் காத்து பிச்சு உதறிடுத்து. ஏழு போட்டவங்க நாலு பேர் கவுந்துட்டாங்க. நான் கவுரலே.”

“எந்தப் பாய்?”

“ஆறு” என்றான். சற்று நேரம் கழித்து, “கேலி பண்ணினாங்க. பண்ணட்டும். முழுக் கயித்தையும் இழுத்துப் பிடிச்சேன் தாத்தா. ஒரு பொட்டுக் காத்துகூட விடலே” என்றான். எத்தனையாவதாக வந்தான் என்று நான் கேட்கவில்லை.

மரக்கால் இரண்டும் இன்னும் கூடத்தில்தான் இருக்கின்றன. மறுபடி பரணில் ஏற்ற மனம் வரவில்லை. போன வாரம் பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்தார். பித்தளைப் பூணைத் தடவிப் பார்த்து, இதெல்லாம் இப்போது பெரிய ஓட்டல்களில் அலங்காரமாக வைக்கிறார்கள், நல்ல விலை போகும் என்றார். பெரியதைக் கொடுத்துவிட்டேன். சிறியதைக் கொடுக்கவில்லை.

“ஏன் ஐயா, ஜோடியா இருந்தாத்தானே அழகு?” என்றார்.

பழைய சாமானை விற்கிறவன் அதன் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். சுக்கானில் சில்லு பேர்ந்திருக்கிறது என்று சொல்வது சுலபம். இதன் அடி ஏன் தடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வந்த பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.